செட்டிநாட்டு வெயிலில் ஆக்சலாட்டல்: எங்கே தப்பு நடக்கிறது

ஆக்சலாட்டல் என்பது தவளையைப் போன்ற இருவாழ்வி வகை, ஆனால் வாழ்நாள் முழுக்கத் தண்ணீரிலேயே இருக்கும் பிராணி. அதன் பூர்வீகம் மெக்சிகோ நகரை ஒட்டிய சோச்சிமில்கோ ஏரி. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல், கிட்டத்தட்ட நம் ஊட்டியின் உயரம். ஊட்டிக் குளிரில் இருக்கவேண்டிய பிராணியைக் காரைக்குடியில் வளர்க்கிறோம் என்பதை மறக்கும்போதுதான் பாதித் தப்புகள் நடக்கின்றன.

"எங்க வீடு குளுகுளுன்னு இருக்கும்" என்ற நம்பிக்கைதான் முதல் தப்பு. தடித்த சுவரும் ஆத்தங்குடிக் கல்லும் காலுக்குச் சில்லென்றுதான் இருக்கும். ஆனால் சித்திரை மாதம் அதே அறையில் வைத்த தொட்டியில் தெர்மாமீட்டரைப் போட்டால் 30 டிகிரி காட்டும். ஆக்சலாட்டலுக்கு வேண்டியது 16 முதல் 18. 20 வரை பரவாயில்லை. 24-ஐத் தாண்டி நாள்கணக்கில் நீடித்தால் உடம்பு கெடும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, உடலின் தேவையோ அதிகம். போதாததற்கு நோய் எதிர்ப்பும் தளர்ந்து பூஞ்சை பிடிக்கும். வால் நுனி கொக்கி போல மடங்குவது, செவுள்கள் முன்பக்கம் சுருள்வது, இரையைத் தொடாமல் இருப்பது ஆகியவை முதல் அறிகுறிகள்.

மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் ஓடவிட்டால் 2 முதல் 4 டிகிரி இறங்கும். மார்கழிக்கு உதவலாம், மற்ற மாதங்களுக்குக் காணாது. ஐஸ் பாட்டில் இன்னும் ஏமாற்று வேலை. 100 லிட்டர் தொட்டியில் 1 லிட்டர் ஐஸ் முழுக்கக் கரைந்தாலும் இறங்குவது சுமார் 1 டிகிரிதான். பாட்டில் பாட்டிலாகப் போட்டால் தண்ணீர் ஏறி ஏறி இறங்கும். அந்தச் சூட்டின் ஊசலாட்டமே ஆக்சலாட்டலுக்குத் தனி வேதனை. ஆகவே சில்லர் (தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் மின்கருவி) வாங்க வசதியில்லை என்றால் இதை வளர்க்காமல் இருப்பதே நல்லது. சில்லர் வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் லிட்டரை மட்டும் பார்க்காதீர்கள். அறைச் சூட்டிலிருந்து எத்தனை டிகிரி இறக்கும் என்று கேளுங்கள். 34-லிருந்து 18 என்றால் 16 டிகிரி இறக்கவேண்டும். சில்லரை மர அலமாரிக்குள் அடைத்து வைத்தால் தான் கக்கும் சூட்டிலேயே திணறும். தொட்டியின் மூன்று பக்கமும் அடியிலும் தெர்மோகோல் ஒட்டினால் மின்கட்டணம் குறையும். ஐஸ் பாட்டில்களை மின்வெட்டு நேரத்துக்கென்று ஃப்ரீசரில் வைத்திருங்கள்.

பலர் கோட்டை விடுவது தண்ணீர் மாற்றும் நாளில். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் 35 டிகிரி இருக்கும். 18 டிகிரியில் இருக்கும் 80 லிட்டரோடு அதில் 20 லிட்டரைச் சேர்த்தால் மொத்தமும் 21-ஐத் தாண்டிவிடும். முந்தின இரவே வாளியில் பிடித்து, வாளிக்குள்ளேயே ஐஸ் பாட்டிலை மிதக்கவிட்டு, 18-க்குக் கொண்டுவந்த பிறகு ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கியும் சேர்க்கவேண்டும். முற்றத்தில் அண்டா வைத்துப் பிடித்த மழைத்தண்ணீர் சுத்தமானதுதான், ஆனால் உப்புச்சத்தே இல்லாததால் பிஎச் (தண்ணீரின் அமில-காரத் தன்மையின் அளவு) சரியும். ஆக்சலாட்டலுக்குக் கொஞ்சம் கடினமான தண்ணீர்தான் பிடிக்கும்; பிஎச் 7.4-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. செம்புப் பாத்திரத்தில் பிடித்துவைத்த தண்ணீர் கூடவே கூடாது. நீர்வாழ் பிராணிகளுக்குச் செம்பு விஷம், பிளாஸ்டிக் வாளியே போதும்.

தொட்டி வாங்கிய அன்றே பிராணியையும் இறக்குவது அடுத்த தப்பு. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஸ்பாஞ்ச் ஃபில்டரில் குடியேற நான்கு முதல் எட்டு வாரம் ஆகும். இந்த ஒரு விஷயத்தில் நம்மூர் வெயில் நமக்குச் சாதகம்: சில்லரைப் போடாமல் 28 டிகிரியிலேயே விட்டால் அவை வேகமாகப் பெருகும். தொட்டியில் நீங்கள் சேர்த்த 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அம்மோனியா 24 மணி நேரத்தில் பூஜ்யமாகி, நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகு சில்லரை ஓடவிட்டு, குளிர்ந்த தண்ணீரில் இன்னொரு முறை சோதித்துப் பாருங்கள். ஸ்பாஞ்சைக் குழாயடியில் அலசினால் இத்தனை நாள் உழைப்பும் சாக்கடையில். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்தால் போதும்.

கூழாங்கல் போடாதீர்கள். ஆக்சலாட்டல் வாயைத் திறந்து உறிஞ்சித்தான் இரை பிடிக்கும். கல்லும் சேர்ந்து உள்ளே போய்க் குடலை அடைக்கும். வெறுங்கண்ணாடித் தரையே மேல். கூட மீன் விட்டால் செவுளைக் கொறிக்கும். இரைக்கு மண்புழுவை மிஞ்ச ஒன்றுமில்லை. பூச்சிமருந்து படாத தோட்டத்துப் புழுவைக் கழுவி, வளர்ந்த பிராணிக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒன்றிரண்டு கொடுங்கள். மண்புழு உரக்குழியின் சிவப்புப் புழு கசக்கும், துப்பிவிடும். கறித்துண்டு, ஈரல் வேண்டாம்.

செவுளில் பஞ்சு போலப் பூஞ்சை படர்ந்தால் மஞ்சள்தூளைக் கொட்டுபவர்கள் உண்டு. மீன் மருந்து ஊற்றுபவர்களும் உண்டு. ஆக்சலாட்டலின் தோல் எதையும் உள்ளே இழுத்துக்கொள்ளும், இரண்டுமே ஆபத்து. தனிப் பாத்திரத்தில், தொட்டியின் அதே குளிரில் உள்ள தண்ணீரில், லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் கல் உப்பைக் கரைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். நாளுக்கு இரண்டு முறை. பதினைந்து நிமிடத்தைத் தாண்டினால் செவுள் வெந்துபோகும்.

வாங்கும்போது ரசீதும் காகிதங்களும் இல்லாமல் வாங்காதீர்கள். அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இது உள்ளது. 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். வளர்க்க முடியவில்லை என்று ஊருணியில் விட்டுவிடவும் கூடாது. அந்தச் சூட்டில் அது சாகும், அதற்கு நோய் இருந்தால் அங்கிருக்கும் தவளைகளுக்கும் பரவும்.