எல்.எல்.எம்.மில் எந்தப் பிரிவு? நோட்டுப் புத்தகத்தை எடுங்கள்

பி.எல். கடைசி செமஸ்டர் முடியும் நேரத்தில் சட்ட மேற்படிப்பான எல்.எல்.எம். பற்றிக் கடலூர்ப் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, எல்.எல்.எம்.மில் எதுக்கு ஸ்கோப் இருக்கு?" ஸ்கோப் பார்த்து கம்பெனிச் சட்டம் எடுத்து, படிப்பு முடியும்வரை கொட்டாவி விட்டவன் நான். அதனால் வேறு வழி சொல்கிறேன்.

படி 1: எதற்கு இந்தப் படிப்பு?

கறுப்புக் கோட்டு போட எல்.எல்.எம். தேவையில்லை. பி.எல். முடித்துப் பார் கவுன்சிலில் பதிந்து, அகில இந்திய பார் தேர்விலும் தேறினால் போதும். சட்டக் கல்லூரியில் பாடம் நடத்த வேண்டுமா? அப்படியென்றால் எல்.எல்.எம்.மில் பொதுப்பிரிவுக்கு 55 விழுக்காடு, கூடவே நெட் போன்ற கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி. வருஷக்கணக்கில் சலிக்காமல் எதை நடத்த முடியும் என்று யோசியுங்கள்.

படி 2: இரண்டு வாரம் ஒரு நோட்டு

இதைத்தான் ஒழுங்காகச் செய்யச் சொல்வேன். யாரும் சொல்லாமல் நீங்களே எந்தச் செய்தியை, எந்த கேஸ் கட்டைப் புரட்டினீர்கள் என்று தினம் ஒரு வரி எழுதுங்கள். பிடித்ததை எழுத வேண்டாம், புரட்டியதை மட்டும்.

கிரிமினல்தான் எடுப்பேன் என்று வந்த ஒரு தங்கச்சி 14 நாள் எழுதினாள். ஒன்பது வரி சிப்காட் ரசாயன ஆலைகள், இறால் பண்ணை, கிணற்றில் ஏறிய உப்பு பற்றியே இருந்தது. ஜாமீன் மனு பற்றி ஒரே வரி. அதுவும் சீனியர் தட்டச்சு செய்யச் சொன்னது! சரி, உன் பிரிவு சுற்றுச்சூழல் சட்டம் என்றேன். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது.

படி 3: ஊரிலிருந்து பிரிவுக்கு

புதுச்சேரிக்காரர்களுக்குக் கையிலேயே சரக்கு இருக்கிறது. 1881 ஆணைப்படி தங்கள் சமயத் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் போன ரெனோன்சான் குடும்பங்கள் இங்கே உண்டு. அப்பாவுக்கு பிரெஞ்சுக் குடியுரிமை, வீடு முத்தியால்பேட்டையில், பிள்ளை பாரிசில் என்றால், பாகப்பிரிவினைக்கு எந்த நாட்டுச் சட்டம்? இந்தக் கேள்வி தூக்கத்தைக் கெடுத்தால், நீங்கள் பன்னாட்டுத் தனியார் சட்டத்துக்கு ஆள். புதுச்சேரி சட்டமன்றத்தின் நியமன எம்.எல்.ஏ.க்களை அங்குள்ள அரசைக் கேட்காமலே மத்திய அரசு நியமிக்கலாம் என்ற 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எரிச்சல் மூட்டினால், அரசியலமைப்புச் சட்டம்.

அறிவுசார் சொத்துரிமை எடுப்பவர்கள் கவனிக்க: காப்புரிமை முகவர் தேர்வு எழுத அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் வேண்டும், சட்டப் பட்டம் மட்டும் போதாது. இது தெரியாமல் சேர்ந்துவிட்டு, அப்புறம் கையைப் பிசைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படி 4: ஒரு தீர்ப்பு, முழுசாக

தீர்ப்பின் மேலே சுருக்கமாகப் போடும் தலைக்குறிப்பை மட்டும் மேய்ந்தால் கணக்கில் வராது. அந்தத் தங்கச்சிக்கு ஜெகந்நாத் எதிர் இந்திய ஒன்றியம் வழக்கைக் கொடுத்தேன். கடலோர இறால் பண்ணைகள் பற்றிய 1996 தீர்ப்பு. மறுநாள் காலையில் ஓரமெல்லாம் பென்சில் கோடுகளோடு வந்தாள். பாதியில் மூடி வைத்திருந்தால் வேறு பிரிவு பார்க்கச் சொல்லியிருப்பேன்.

படி 5: கல்லூரி

திருச்சி தேசியச் சட்டப் பல்கலைக்கு கிளாட் முதுநிலை நுழைவுத் தேர்வு: 120 கேள்வி, தப்புக்குக் கால் மதிப்பெண் போகும். படிப்பு ஓராண்டா இரண்டாண்டா, உங்கள் பிரிவை நடத்த ஆசிரியர் உண்டா என்று அங்கே படிப்பவரிடம் கேளுங்கள். கையேட்டில் பத்துப் பிரிவு அச்சாகியிருக்கலாம்; வகுப்பு நடப்பது மூன்றில் என்றால் என்ன செய்வீர்கள்?

படி 6: ஆய்வேட்டுக் கேள்வி

விண்ணப்பம் போடும் முன்பே, ஆய்வேட்டில் கேட்கப்போகும் கேள்வியை ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். தங்கச்சியின் நோட்டில் கடைசிப் பக்கம் இப்படி இருந்தது: "உப்பேறிய நிலத்தை மீட்கச் சொன்னார்கள். யார் மீட்டார்கள்?"