தோத்த ஆட்டத்தை அழிச்சு ஆடாதீங்க: லெகசி கேம்ல புதுசா வர்றவங்க பண்ற தப்புகள்

லெகசி கேம்னா ஆட ஆட மாறிக்கிட்டே போற போர்டு கேம். ஸ்டிக்கர் ஒட்டுவோம், கார்டைக் கிழிப்போம், மூடி வச்ச பெட்டியைத் திறந்து புது ரூல் சேர்ப்போம், மாத்தினது மாத்தினதுதான். 2011ல ரிஸ்க் லெகசி ஆரம்பிச்சு வச்சது, இப்போ குடும்பமா ஆடற மாதிரியே நிறைய வந்துடுச்சு. புதுசா வாங்கறவங்க எல்லாம் நாங்க ஆரம்பத்துல அடிச்ச அதே கூத்தை அச்சு பிசகாம அடிக்கிறாங்க, அதான் எழுதறேன். ரூல் புக்கைப் படிக்காம உக்காரறது, துண்டுகளைத் தொலைக்கிறது எல்லாம் எந்த கேம்லயும் உள்ளதுதான், அதை விட்டுடலாம்.

"ஒரு தடவைதானே ஆட முடியும்"னு ஒதுக்கறது

எல்லாரும் ஒண்ணா சேந்து நோய் பரவறதைத் தடுக்கற கேம் பேண்டமிக் லெகசி. அதோட சீசன் 1ல கதை 12 மாசம், ஒரு மாசத்துல தோத்தா அதே மாசத்துக்கு இன்னொரு சான்ஸ் உண்டு, அப்போ குறைஞ்சது 12, அதிகபட்சம் 24 ஆட்டம். எத்தனை தடவை வேணா ஆடலாம்னு வாங்கி வச்ச கேம்ல எதை 12 தடவை வெளிய எடுத்திருக்கீங்க? ஆனா ஒண்ணு, எல்லாம் ஒரே மாதிரி இல்ல. பேண்டமிக்ல டிசம்பர் முடிஞ்சா கதை அவ்ளோதான். மை சிட்டில 24 எபிசோட் முடிஞ்சாலும் போர்டைத் திருப்பிப் போட்டு பின்பக்கத்துல எவ்ளோ வேணா ஆடலாம். சார்ட்டர்ஸ்டோன்ல 12 ஆட்டம் முடிஞ்சதும் நீங்க கட்டின ஊரே நிரந்தரமா ஒரு கேம் ஆயிடும். ஸோம்பி கிட்ஸ் எவல்யூஷன் 7 வயசுப் பசங்களுக்கே சரியா வரும், உறை எல்லாம் திறந்து முடிச்சப்புறமும் ஆடலாம். இதைப் பாத்து வாங்குங்க.

தோல்வியை அழிச்சுட்டு மறுபடி ஆடறது

இதைப் பாத்தா எனக்கு இன்னும் கடுப்பாகும்.

தெரிஞ்ச குடும்பம் ஒண்ணு பேண்டமிக் லெகசி ஆடுச்சு, நான் பக்கத்துல உக்காந்து பாத்துட்டிருந்தேன். ஜனவரில எடுக்க கார்டு இல்லாம தோத்துட்டாங்க, சின்னவன் மூஞ்சி சுருங்கிடுச்சு, உடனே அப்பா "இது ட்ரையல்டா, கணக்கில்ல"ன்னு எல்லாத்தையும் வாரி மறுபடி அடுக்கினார். அடுத்த ஆட்டம் ஜெயிச்சதும் அதை மட்டும் ஜனவரி வெற்றின்னு எழுதிக்கிட்டாங்க. பிப்ரவரியும் இதே கதை.

இப்போ கணக்கு பாருங்க. இந்த கேம்ல ஆரம்பத்துல 4 உதவி கார்டு எடுத்துக்கலாம், ஜெயிச்சா அடுத்த ஆட்டத்துக்கு 2 குறையும், தோத்தா 2 கூடும். உள்ளபடி எழுதியிருந்தா 6, 4, 6, 4ன்னு போய் மார்ச்சுக்கு 4 கார்டு கையில இருக்கும். இவங்க எழுதினது ரெண்டு வெற்றி மட்டும்தானே, அதனால 4, 2, 0, மார்ச்சுக்கு வெறுங்கை. அதோட ஜெயிச்சாலும் தோத்தாலும் ஆட்ட முடிவுல நமக்குச் சாதகமா கேமை மாத்தற 2 முன்னேற்றம் எடுத்துக்கலாம், அழிச்ச ரெண்டு ஆட்டத்துல அந்த நாலும் போச்சு. ஆனா அந்த ஆட்டங்கள்ல நோய் வெடிச்ச ஊருக்கு ஒட்டின பீதி ஸ்டிக்கரை மட்டும் உரிக்க முடியாதே, அது அப்படியே நிக்குது! அடி வாங்கினது பாக்கி, மருந்து மட்டும் குப்பையில. அப்புறம் வரிசையா தோத்து, "இந்த கேம் ஓரவஞ்சனை பண்ணுதுப்பா"ன்னு பாதில மூட்டை கட்டிட்டாங்க.

பையனைச் சமாதானப்படுத்தணும்னா கார்டை விரிச்சு வச்சு "தோத்ததால ரெண்டு கூட கிடைக்குது, எது வேணும், நீ எடு"ன்னு சொல்லுங்க போதும். ஏதோ ரூலைத் தப்பா ஆடிட்டோம்னு ஆட்டம் முடிஞ்சப்புறம் தெரிஞ்சாலும் அழிக்க வேணாம், அடுத்த ஆட்டத்துலேர்ந்து சரியா ஆடுங்க.

லெகசி கார்டு கட்டைக் கலைக்கிறது

கதை வரிசைப்படி அடுக்கி வச்ச கட்டு அது, கலைக்காதீங்க.

பத்திரப்படுத்தி வச்சு வித்துடலாம்னு நினைக்கிறது

யாரும் வாங்க மாட்டாங்க. கிழிக்கச் சொன்ன கார்டைக் கிழிக்க மனசே வரலையா, தனி கவர்ல போட்டு ஒட்டிடுங்க, பாக்ஸ்லயே விட்டா என்னைக்காவது ஆட்டத்துக்குள்ள கலந்துடும்.

நடுவுல ரொம்ப நாள் விடறது

எந்த ரூல் எப்போ சேந்துச்சுன்னே மறந்துடும். ஒவ்வொரு ஆட்டம் முடிஞ்சதும் என்ன மாறுச்சு, அடுத்து என்ன பண்றதா பேசி வச்சோம்னு ஒரு பேப்பர்ல நாலு வரி எழுதி மூடிக்குள்ள வச்சுடுங்க. போன்ல போட்டோ எடுத்தா பத்தாதான்னு கேப்பாங்க, அந்த போட்டோவைத் தேடறதுக்குள்ள இன்னொரு ஆட்டமே முடிஞ்சிடும்.