ஏற்காடு ஏற்றத்தில் தட்டிய புல்லட் 350

அடிவாரம் தாண்டி கொண்டை ஊசி வளைவு ஏறத் தொடங்கினாலே என் பழைய பிளாட்டினம் பாயிண்ட் புல்லட் ‘கிணுகிணு’வென்று தட்டும். உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். பெட்ரோலைக் குறை சொன்னார்கள். எனக்கு டைமிங் மேல்தான், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்தின் மேல்தான், சந்தேகம்.

பாயிண்ட் என்பது திறந்ததும் பொறியை விழவைக்கும் சுவிட்ச். முதலில் அதன் இடைவெளியைப் பார்த்தேன். 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்க வேண்டியது, 0.50 இருந்தது. இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரமே திறக்கும், டைமிங் அட்வான்ஸ் ஆகிவிடும், அதாவது பொறி முந்திவிடும். அதனால் இதைச் சரிசெய்யாமல் டைமிங்கில் கை வைக்கவே கூடாது.

அப்புறம் பிளக்கைக் கழற்றி, வால்வுகளைத் தள்ளும் இரண்டு புஷ்ராடும் விரலால் லேசாகச் சுழலும்படி கம்ப்ரஷன் உச்சிக்குப் பிஸ்டனைக் கொண்டுவந்தேன். அங்கிருந்து நன்றாகப் பின்னே இறக்கி, மறுபடி முன்னோக்கி மெல்ல ஏற்றி, உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால் நிறுத்தினேன். பல்சக்கரங்களின் ஆட்டம் இப்படித்தான் கழியும். பாயிண்டுக்கு நடுவே சிகரெட் தாள். பாயிண்டைத் திறக்கும் கேம் சுழலும் திசைக்கு எதிராக, பாயிண்ட் இருக்கும் பிளேட்டை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப, பிடித்திருந்த தாள் ஓரிடத்தில் வழுக்கிக்கொண்டு வந்தது. அதுதான் புள்ளி. ஸ்க்ரூவை இறுக்கியதும் மறுபடி சோதித்தேன்; இறுக்கும்போதே பிளேட் நகர்ந்துவிடும்.

இப்போது இருபது வளைவும் தட்டாமல் ஏறுகிறது. கேமில் உரசும் பாயிண்ட் குதிகால் தேயத் தேய இடைவெளி குறுகி டைமிங் பின்தங்கும், எனவே கேமில் துளி கிரீஸ் வைத்திருக்கிறேன்.