ஆஸ்பத்திரி இரண்டு மணி நேரத் தூரத்தில் இருந்தால் என்ன செய்து வைக்க வேண்டும்

அன்று இரவு பதினொன்றரைக்கு அப்பா "நெஞ்சு ஒரு மாதிரி இருக்குடா" என்றார். வாயுவாக இருக்கும் என்று அவரே சொல்லிக்கொண்டு வெந்நீர் குடித்தார், கொஞ்ச நேரம் உட்கார்ந்தார், எழுந்து நடந்தார். நாங்களும் பார்ப்போம், பார்ப்போம் என்று முக்கால் மணி நேரம் போக்கிவிட்டோம். அவருக்கு வேர்த்துக் கொட்டிய பிறகுதான் பயம் வந்தது. அப்புறம் வண்டிச் சாவியைத் தேடினோம், எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று வாதாடினோம், சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஓடி நான்கு பேருக்குப் போன் போட்டோம், அவர் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டைத் தேடினோம். வண்டி வாசலைத் தாண்டும்போது மணி ஒன்று. அதற்கு மேல் சாலையில் இரண்டு மணி நேரம். அப்பா பிழைத்துவிட்டார், ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துப்போனது போனதுதான்.

சாலையின் இரண்டு மணி நேரத்தை என்னால் குறைக்க முடியாது. வீட்டுக்குள் கரைந்த ஒன்றரை மணி நேரத்தைக் குறைக்க முடியும். தொலைவில் குடியிருக்கும் ஒவ்வொரு குடும்பமும் கை வைக்கக்கூடிய இடம் அதுதான்.

பிரசவத்தில் பெண்கள் ஏன் இறக்கிறார்கள் என்று ஆராய்ந்த செரீன் தாடியஸ், டெபோரா மெயின் என்ற இருவர் 1994-ல் மூன்று தாமதங்களைப் பற்றி எழுதினார்கள். போகலாம் என்று முடிவெடுப்பதில் ஒன்று, போய்ச் சேர்வதில் ஒன்று, சேர்ந்த இடத்தில் சரியான சிகிச்சை கிடைப்பதில் ஒன்று. பிரசவத்துக்கு மட்டுமல்ல, எல்லா அவசரத்துக்கும் இது பொருந்தும். நாம் ரோட்டைத்தான் திட்டுகிறோம். ஆனால் முதல் தாமதமும் மூன்றாவது தாமதத்தில் பாதியும் நம் கையில் இருக்கின்றன.

இந்த வாரமே செய்ய வேண்டியது

முதலில் ஆஸ்பத்திரிகளுக்குப் போன் செய்யுங்கள். பக்கத்தில் இருப்பதெல்லாம் உதவும் ஆஸ்பத்திரி என்று நினைத்துவிடாதீர்கள். பக்கவாதம் வந்தவருக்கு சிடி ஸ்கேன் இல்லாத இடத்தில் அடைப்பைக் கரைக்கும் மருந்து போட முடியாது, ஏனென்றால் மூளையில் அடைப்பா ரத்தக் கசிவா என்று ஸ்கேன் பார்க்காமல் தெரியாது. பாம்புக் கடிக்கு விஷமுறிவு மருந்து இருக்கிறதா, இரவில் டாக்டர் இருப்பாரா, ரத்தம் ஏற்றும் வசதி உண்டா, அவசரமாக சிசேரியன் செய்வார்களா, மாரடைப்புக்கு என்ன செய்வார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இப்படிக் கேட்கத் தயங்க வேண்டாம், பகல் நேரத்தில் பொறுமையாகக் கேட்டால் பெரும்பாலும் பதில் சொல்வார்கள். நாங்கள் கேட்டபோது, பல வருடமாக நம்பியிருந்த ஒரு இடத்தில் இரவில் நர்ஸ் மட்டும்தான் இருப்பார் என்று தெரிந்தது. அது முன்பே தெரிந்திருந்தால் அன்றிரவு வாதாடியே இருக்க மாட்டோம்.

கேட்டதையெல்லாம் ஒரே தாளில், பெரிய எழுத்தில், கண்ணாடி இல்லாமல் படிக்கும் அளவுக்கு எழுதுங்கள். எங்கள் வீட்டில் அது அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. இடது பக்கம் "நெஞ்சு வலி", "முகம் கோணல்", "பாம்பு", "பிரசவம்", "பெரிய காயம்" என்று வரிசையாக. அதற்கு நேராக எந்த ஆஸ்பத்திரி, என்ன எண், எந்த வழி. கீழே வீட்டில் ஒவ்வொருவரின் பெயர், வயது, என்ன நோய், எந்த மாத்திரை எவ்வளவு, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் இருந்தால் அதைச் சிவப்பில் எழுதுங்கள், அடிபட்டால் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். மாத்திரை மாறினால் தாளும் அன்றே மாற வேண்டும். அதைப் போட்டோ எடுத்து எல்லோர் போனிலும் வைத்துவிடுங்கள்.

அப்புறம் இடம். உங்கள் வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஆம்புலன்ஸ்காரருக்குச் சொல்ல முடியுமா? பெரிய மரம், வளைவு, பழைய கிணறு என்று உள்ளூர்க்காரருக்குச் சொல்கிற வழி இருட்டில் வெளியாளுக்கு உதவாது. போனின் வரைபடத்தில் உங்கள் வாசலை அழுத்தினால் இரண்டு எண்கள் வரும். புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் இருந்தால் ஏறக்குறைய 1 மீட்டர் துல்லியத்தில் இடம் தெரியும். அந்த இரண்டு எண்களையும் தாளில் எழுதுங்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் போனின் ஜிபிஎஸ் வேலை செய்யும், அதனால் வரைபடத்தை முன்பே தரவிறக்கி வைத்திருங்கள்.

சிக்னல் விஷயத்தில் இரண்டு மூன்று தெரிந்திருக்க வேண்டும். உங்கள் சிம்முக்கு சிக்னல் இல்லாத இடத்திலும் வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால் அவசர எண்ணுக்கு மட்டும் அழைப்பு போகலாம், அதனால் கோடுகள் காட்டவில்லை என்று விட்டுவிடாமல் அழுத்திப் பாருங்கள். பேச்சு போகாத இடத்தில் குறுஞ்செய்தி பல நேரம் போய்விடும். வீட்டைச் சுற்றி எங்கே நின்றால் பேச முடிகிறது என்று பகலில் நடந்து பார்த்து அந்த இடத்தை எல்லோருக்கும், குழந்தைகளுக்கும் காட்டி வையுங்கள். சிக்னலே கிடையாது என்றால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவிகள் இருக்கின்றன. அது உங்கள் நாட்டில் செல்லுமா, சந்தா எப்படி என்று பார்த்து வாங்குவது நல்லது.

வண்டிக்கு மூன்றே விதி: எரிபொருள் பாதிக்குக் கீழே போகக்கூடாது, வண்டி வாசலைப் பார்த்து நிற்க வேண்டும், சாவிக்கு ஒரே ஆணி. சொந்த வண்டி இல்லாதவர்கள் இரண்டு பேரிடமாவது முன்பே பேசி, இரவில் எழுப்பலாமா என்று கேட்டு வையுங்கள். இரண்டு பேர் ஏன் என்றால் ஒருவர் கட்டாயம் ஊரில் இருக்க மாட்டார்.

அந்த நிமிடத்தில்

சந்தேகமாக இருக்கும்போதே அழையுங்கள். ஆம்புலன்ஸ் கிளம்பிய பிறகு வேண்டாம் என்று சொல்லிவிடலாம். கிளம்பாத ஆம்புலன்ஸை முன்னால் இழுக்க முடியாது. முதலில் இடத்தைச் சொல்லுங்கள், நடுவில் இணைப்பு அறுந்தாலும் வண்டி கிளம்பிவிடும். அப்புறம் வயது, என்ன நடந்தது, நினைவு இருக்கிறதா, மூச்சு விடுகிறாரா. அவர்கள் வைக்கச் சொல்லும் வரை போனை வைக்காதீர்கள். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருப்பதா, நாமே கிளம்புவதா என்பதையும் அவர்களிடமே கேளுங்கள். தொலைவான இடங்களில் நாம் பாதி வழி போக, அவர்கள் பாதி வழி வர, நடுவில் சந்திப்பதுதான் பல நேரம் சரியான விடை. எந்த இடத்தில் சந்திப்பது என்பதையும் தாளில் முன்பே எழுதி வைக்கலாம்.

ஆள் மயங்கிக் கிடந்து, சரியாக மூச்சு விடவில்லை என்றால் மார்பை அழுத்தத் தொடங்குங்கள். மார்பின் நடுவில், எலும்பின் மேல், ஒரு கையின் மேல் இன்னொரு கை. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், ஒவ்வொரு முறையும் மார்பு முழுதாக மேலே வர விட வேண்டும். இது உடம்பை முறிக்கும் வேலை, அதனால் 2 நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாறுங்கள். விலா எலும்பு முறியலாம், அதற்காக நிறுத்தாதீர்கள். குழந்தைக்கும் தண்ணீரில் மூழ்கியவருக்கும் மூச்சு கொடுப்பது மிக முக்கியம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. இதைப் படித்துக் கற்க முடியாது, ஒரு நாள் பயிற்சிக்குப் போய் பொம்மையில் அழுத்திப் பாருங்கள். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்தால் இதயத்துக்கு மின்னதிர்வு தரும் ஏஇடி கருவியைக்கூடப் பொதுவில் வாங்கி வைக்கலாம், என்ன செய்ய வேண்டும் என்று அதுவே பேசிச் சொல்லும்.

ரத்தம் கொட்டினால் என்ன செய்வது என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். மரம் அறுக்கும் மெஷின் மச்சானின் தொடையில் இறங்கிவிட்டது. அக்கா ஒரு துண்டை மடித்துக் காயத்துக்குள் திணித்து, இரண்டு உள்ளங்கையாலும் உடம்பு பாரம் முழுவதையும் அதன் மேல் போட்டாள். துண்டு நனைந்ததும் எடுத்துப் பார்க்கலாம் என்று நான் சொன்னேன், "எடுக்காதே, மேலே இன்னொன்று போடு" என்று கத்தினாள். அவள் செய்ததுதான் சரி. 10 நிமிடம் எடுக்காமல் அழுத்த வேண்டும், ஒவ்வொரு முறை எட்டிப் பார்க்கும்போதும் உறையத் தொடங்கிய ரத்தம் கலைந்துவிடும். கையிலோ காலிலோ பீய்ச்சி அடித்து, அழுத்தியும் நிற்காவிட்டால் மட்டும் டூர்னிகே என்ற இறுக்குக் கட்டு: காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டின் மேல் படாமல், அகலமான துணி, நடுவில் ஒரு குச்சி வைத்து ரத்தம் நிற்கும் வரை முறுக்க வேண்டும். மெல்லிய கயிறோ கம்பியோ கூடாது. கட்டிய நேரத்தை எழுதுங்கள், நடுவில் தளர்த்தாதீர்கள்.

இதே இறுக்குக் கட்டைப் பாம்புக் கடிக்குப் போடவே கூடாது. கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எதுவும் வேண்டாம். தசை அசைந்தால் விஷம் வேகமாகப் பரவும், எனவே கடிபட்டவர் நடக்கக்கூடாது, கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிந்ததைப் போலவே பலகை வைத்து அசையாமல் கட்டித் தூக்கிப் போங்கள். மோதிரம், வளையல், கொலுசு எல்லாவற்றையும் வீங்குவதற்குள் கழற்றுங்கள். வீக்கம் எதுவரை வந்திருக்கிறது என்று பேனாவால் கோடு போட்டுப் பக்கத்தில் நேரம் எழுதினால் டாக்டருக்கு ரொம்ப உதவும். பாம்பைத் தேடிப் போகாதீர்கள். ஆஸ்திரேலியா போன்ற சில இடங்களில் கை கால் முழுவதும் அகலமான துணிச்சுற்றுப் போடச் சொல்லிக் கொடுக்கிறார்கள், அது அங்குள்ள பாம்புகளுக்கு ஏற்ற முறை. உங்கள் பகுதிக்கு எது என்று டாக்டரிடம் முன்பே கேட்டுத் தாளில் எழுதுங்கள். விஷத்தை முறிக்கும் மருந்து ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது, வழியில் வேறு யாரிடமும் வண்டியை நிறுத்தாதீர்கள்.

நெஞ்சு வலி, அதிலும் கைக்கோ தாடைக்கோ பரவி வேர்த்தால், மாரடைப்பு என்றே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சு வாங்கல், குமட்டல், திடீர்ச் சோர்வு என்று மட்டும் வரலாம். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளும் என்றால், ரத்தக் கசிவு எதுவும் இல்லை என்றால், 300 மில்லிகிராம் மென்று சாப்பிடச் சொல்வார்கள். போனில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். நோயாளி வண்டி ஓட்டக்கூடாது. பக்கவாதத்துக்கு ஆஸ்பிரின் கூடாது. முகம் ஒரு பக்கம் இழுக்கிறதா, இரண்டு கையையும் தூக்கினால் ஒன்று இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் கிளம்ப வேண்டும், வாயில் தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம். அடைப்பைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அந்தக் கணக்கு அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து ஓடுகிறது. தூங்கி எழும்போதே அப்படி இருந்தால் படுக்கப் போன நேரத்தைச் சொல்லுங்கள்.

மற்றவை சுருக்கமாக. தீக்காயத்துக்கு ஓடும் தண்ணீர் 20 நிமிடம், ஐஸும் பேஸ்ட்டும் வேண்டாம். வலிப்பு வந்தால் வாயில் எதையும் வைக்காமல், சுற்றியுள்ள பொருள்களை நகர்த்தி, நின்றதும் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். 5 நிமிடம் தாண்டினால் அவசரம். விஷம் குடித்தவரை வாந்தி எடுக்க வைக்காதீர்கள், டப்பாவைக் கூடவே கொண்டு போங்கள். வயிற்றுப்போக்கில் ஓஆர்எஸ் பொட்டலம் இல்லாவிட்டால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. நினைவில்லாதவர் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது.

கர்ப்பிணி வீட்டில் இருந்தால் என் கருத்து ஒன்றுதான்: பிரசவத் தேதிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் போய்த் தங்கிவிடுங்கள். அதற்கு முன்பே ரத்தம் பட்டாலோ, விடாத தலைவலியோடு கண் மங்கினாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ காலை வரை காத்திருக்க வேண்டாம்.

போகும் வழியில்

ஓட்டுபவர் தவிர இன்னொருவர் பின்னால் நோயாளியுடன் இருக்க வேண்டும். மயக்கத்தில் இருந்து, மூச்சு சரியாக இருந்தால் பக்கவாட்டில் படுக்க வைத்து, தாடையை லேசாகத் தூக்கி, மூச்சைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். கிளம்பும்போதே ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிடுங்கள், நீங்கள் போய் நிற்பதற்குள் டாக்டரை எழுப்பி மருந்தை எடுத்து வைக்க அவர்களுக்கு அந்த நேரம் வேண்டும். எப்போது தொடங்கியது, என்ன கொடுத்தோம், எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே போய் அதை அப்படியே டாக்டர் கையில் கொடுங்கள்.

வீட்டில் எல்லோரையும் வைத்து ஒரு முறை, இரவில், விளக்கை அணைத்துவிட்டு ஒத்திகை பாருங்கள். நாங்கள் பார்த்தோம், "அப்பாவுக்கு நெஞ்சு வலி" என்று சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தேன். வண்டி வாசல் தாண்ட 11 நிமிடம் ஆனது. அதில் 4 நிமிடம் டார்ச்சைத் தேடியதில் போனது. இப்போது டார்ச், சாவி தொங்கும் அதே ஆணியில் தொங்குகிறது.