பழைய புடவை, படுக்கை விரிப்பில் உடை தைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தையல் பழகத் தொடங்குபவர்கள் முதலில் கை வைப்பது பீரோவில் கிடக்கும் பழைய புடவையிலோ படுக்கை விரிப்பிலோதான். அது நல்ல தொடக்கம்தான். ஆனால் வகுப்பில் சொல்லித்தரும் வெட்டுமுறை புதுத்துணிக்கானது. பழைய துணியில் அது எங்கே காலை வாருகிறது என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம். அளவு தப்புவது, கத்தரி மழுங்கியிருப்பது எல்லாம் தைக்கத் தைக்கத் தானே சரியாகிவிடும்.

வலுவைப் பார்க்காமல் பட்டுப்புடவையை வெட்டுவது

ஒவ்வொரு தீபாவளிக்கும் கல்யாண சீசனுக்கும் திரும்பத் திரும்ப நடப்பது இது. பார்க்கும்போதெல்லாம் ஆற்றாமையாக இருக்கிறது. அம்மாவின் கல்யாணப் பட்டைப் பிரித்துப் பார்ப்பார்கள்; சரிகை மின்னும், நிறமும் மங்கியிருக்காது. உடனே மகளுக்குப் பாவாடை சட்டை வெட்டிவிடுவார்கள். பந்தியில் உட்கார்ந்த பிள்ளை இலைக்குக் கை நீட்டும்போது முதுகுப்பக்கம் அக்குளை ஒட்டிக் கிழியும். அவிழ்வது தையல் நூல் அல்ல. தையலுக்குப் பக்கத்தில் துணியே போய்விடும். திரும்பத் தைத்தால் அடுத்த அரை அங்குலத்தில் மறுபடி கிழியும். வெட்டிய பட்டை ஒட்டவைக்கவும் வழியில்லை.

காரணம் எளிது. புடவையை உடம்பில் சுற்றுகிறோம். இழுப்பு துணி முழுவதும் பரவிவிடுகிறது. தைத்த உடையில் மொத்த இழுப்பும் ஊசி துளைத்த ஒரே கோட்டில் வந்து விழுகிறது. புடவையாக இன்னும் பத்து முறை கட்டக்கூடிய பட்டு, சட்டையாக ஒரு நாள் தாங்காமல் போவது இதனால்தான். வருஷக்கணக்காக ஒரே மடிப்பில் இருந்த பட்டு அந்த மடிப்புக் கோட்டில் இற்றுப்போயிருக்கும். இடுப்பில் செருகும் மேல்கரையை ஒட்டிய ஒரு சாண் அகலத்தில் வியர்வை ஏறியிருக்கும். முந்தானையில், தோளில் ஊக்கு குத்திய துளைகள் இருக்கும். கொசுவத்தின் அடி, குதிகால் பட்டுத் தேய்ந்திருக்கும்.

வெட்டுவதற்கு முன் இப்படிச் சோதியுங்கள். புடவையை முழுக்கப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். நைந்த இடம் மற்ற இடத்தைவிட வெளுப்பாகத் தெரியும், மடிப்புக் கோட்டில் மயிரிழை போலக் கீறல்கள் தெரியும். பிறகு இரண்டு கட்டைவிரல்களையும் 5 செ.மீ. இடைவெளியில் வைத்து, துணியை இறுகப் பிடித்து இழுங்கள். பாவு நூல் வாக்கில் (நீளவாக்கில்) ஒரு முறை, ஊடை நூல் வாக்கில் (அகலவாக்கில்) ஒரு முறை. ஒவ்வொரு மடிப்பிலும் இதைச் செய்ய வேண்டும். ‘சர்’ரென்று சத்தம் வந்தால் அந்த இடம் ஆகாது. கடைசியாக, உள்முனையிலிருந்து 10 செ.மீ. சதுரமாக இரண்டு துண்டு வெட்டி, 1 செ.மீ. உள்விட்டுச் சேர்த்துத் தைத்து, தையலின் இருபுறமும் பிடித்து இழுங்கள். தையலை ஒட்டி நூல்கள் விலகி இடைவெளி விழுந்தால், உடம்பைப் பிடிக்கும் உடை எதையும் அதில் தைக்கக் கூடாது.

பலவீனம் லேசாக இருந்தால் லைனிங் (உள்துணி) காப்பாற்றும். ஆனால் தனியாகத் தொங்கும் லைனிங் உதவாது. ஒவ்வொரு துண்டுக்கும் அதே வடிவில் மெல்லிய பருத்தி வெட்டி, பட்டின் அடியில் வைத்து, சுற்றிலும் பெரிய ஓட்டுத்தையல் போட்டு, இரண்டையும் ஒரே துணியாகப் பாவித்துத் தைக்க வேண்டும். தையலுக்கு உள்ளே 2.5 செ.மீ. துணி விடுங்கள். 11-ஆம் எண் புது ஊசி போடுங்கள். பொடித்தையல் வேண்டாம், துளைகள் நெருங்கி துணியை அறுத்துவிடும், 2.5 முதல் 3 மி.மீ. நீளம் போதும். மார்புச் சுற்றில் வழக்கத்தைவிட ஓர் அங்குலம் கூடுதலாக வையுங்கள்.

மடிப்பெல்லாம் கீறியிருந்தால் லைனிங்கும் வீண். கரையையும் முந்தானையில் நல்ல பகுதியையும் எடுத்துப் புதுத்துணியில் வைத்துத் தையுங்கள். அந்தப் பட்டுக்குச் செய்யும் மரியாதை அதுதான்.

கஞ்சியோடு பருத்தியைச் சோதிப்பது

கஞ்சி போட்ட நூல் புடவை விறைப்பாக நின்று ஏமாற்றும். ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து அலசிக் காயவைத்த பிறகுதான் அதன் உண்மையான வலுவும், அது உடம்பில் விழும் விதமும் தெரியும்.

பழையதைத் துவைத்துவிட்டுப் புதியதை மறப்பது

பலமுறை துவைத்த பழைய துணி சுருங்க வேண்டிய அளவு எப்போதோ சுருங்கியிருக்கும். இனிச் சுருங்கப்போவது புது லைனிங்கும் நாடாவும் பருத்தி லேஸும்தான். அவற்றை நனைக்காமல் வைத்துத் தைத்தால் முதல் துவைப்பில் உள்துணி இழுத்துக்கொள்ளும். மேல்துணி அங்கங்கே உப்பி நிற்கும். தேய்த்தாலும் சரியாகாது. அவற்றை இரண்டு மணி நேரம் தண்ணீரில் போட்டு, நிழலில் காயவைத்து, தேய்த்துவிட்டு வெட்டுங்கள். அடர்சிவப்பு, கருநீல லைனிங்கானால் அலசும் தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும்.

விரிப்பின் நடுவிலிருந்து வெட்டுவது

எல்லாரும் படுத்துத் தேய்ந்த இடம் அது. சுற்றுப்புறம் ஓரடி அகலத்துக்குத் துணி கிட்டத்தட்டப் புதிதாகவே இருக்கும். நைட்டியின் தோள், கழுத்து, கை எல்லாம் ஓரத்திலிருந்து வரட்டும். நடுத்துணியைச் சுருக்கு வைக்கும் கீழ்ப்பகுதிக்குத் தள்ளுங்கள். விரிப்பில் அச்சிட்ட கோடுகளை நம்பி நேர் பார்க்காதீர்கள். அச்சு நூலோடு சேர்ந்து ஓடாமல் சாய்ந்திருக்கலாம். ஓரத்தில் ஒரு நூலை உருவி, அந்தத் தடத்தை வைத்து நேர் பிடியுங்கள்.

விரிப்பு ‘காட்டன்’ என்று சொல்லி வாங்கியதாகவே இருக்கட்டும், ஒரு நூலை இடுக்கியில் பிடித்துத் தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் கொளுத்திப் பாருங்கள். பருத்தி, காகிதம் எரியும் மணத்தோடு சாம்பலாக உதிரும். உருகிக் கெட்டியான மணியாக நின்றால் பாலியஸ்டர் கலந்திருக்கிறது. நம் வெயிலுக்கு அதில் நைட்டி வேண்டாம்.

ஃபால்ஸை இழுத்துப் பிய்ப்பது

கரையோடு வந்துவிடும். மூன்று நான்கு தையலுக்கு ஒன்றை அறுத்து, மறுபக்கத்திலிருந்து நூலை உருவுங்கள்.

ரப்பர் பூச்சுள்ள திரைச்சீலை

உடைக்கு ஆகாது.

துவாலை

வெட்டிய ஓரம் உதிர்ந்துகொண்டே இருக்கும். வெட்டியவுடன் ஓவர்லாக் அல்லது ஜிக்ஜாக் அடியுங்கள், 16-ஆம் எண் ஊசி போடுங்கள், ஒவ்வொரு உருப்படி தைத்ததும் பாபின் பெட்டியைத் திறந்து பஞ்சைத் துடைத்துவிடுங்கள்.