சாலிட்டேர்: சீட்டை மேலே ஏற்றுவதில் அவசரம் வேண்டாம்

1990-இல் விண்டோஸ் 3.0-உடன் வந்ததிலிருந்து கம்ப்யூட்டரில் சாலிட்டேர் ஆடுகிறவர்கள் ஏராளம். பாதியில் மாட்டிக்கொண்டால் சீட்டு சரியில்லை என்று விட்டுவிடுகிறோம். பல நேரம் சீட்டு சரியாகத்தான் இருக்கும், எதை முதலில் செய்வது என்பதில்தான் கோட்டை விடுகிறோம். ஏஸ் முதல் ராஜா வரை மேலே அடுக்குவது கடைசி வேலை. ஏழு வரிசைகளில் கவிழ்ந்து கிடக்கும் 21 சீட்டுகளைத் திறப்பதுதான் முதல் வேலை.

டபுள் கிளிக் செய்தால் சீட்டு தானாக மேலே போய்விடும். வம்பே இந்த வசதியில்தான் ஆரம்பிக்கிறது. ஏஸும் இரண்டும் தாராளமாகப் போகட்டும், கீழே அவற்றால் பயனில்லை. மூன்றிலிருந்து யோசிக்க வேண்டும். ஆட்டின் (ஹார்ட்ஸ்) ஐந்து, டைமன் ஐந்து இரண்டையும் மேலே அனுப்பிவிட்டீர்கள் என்று வையுங்கள். ஒரு வரிசையில் இஸ்பேட் நான்கு நிற்கிறது, அதன் அடியில் நான்கு சீட்டுகள் கவிழ்ந்திருக்கின்றன, இஸ்பேட் ஏஸ் இன்னும் வெளிவரவில்லை. வரிசைகளில் நிறம் மாற்றி, ஒவ்வொன்றாகக் குறைத்துத்தான் அடுக்க முடியும் என்பதால், அந்த நான்கை நகர்த்தச் சிவப்பு ஐந்து வேண்டும். இரண்டுமே போய்விட்டதால் வரிசை அப்படியே முடங்கும். கறுப்பு ஆறு ஒன்று திறந்திருந்தால் ஐந்தைக் கீழே இழுத்து வைக்கலாம். விண்டோஸின் பழைய ஸ்டாண்டர்ட் கணக்கில் அதற்கு 15 புள்ளி குறையும். பரவாயில்லை, ஆட்டம் பிழைக்கும்.

ராஜா தயாராக இல்லாதபோது வரிசையைக் காலி செய்யாதீர்கள். காலி இடத்தில் வேறு எதையும் வைக்க முடியாது. இரண்டு ராஜாக்கள் காத்திருந்தால் நிறத்தைப் பாருங்கள்: கறுப்பு ராணியும் சிவப்பு ஜாக்கியும் கண்ணில் பட்டால் சிவப்பு ராஜாவுக்குத்தான் இடம். ஒரே இடத்துக்கு இரண்டு சீட்டுகள் பொருந்தினால், கவிழ்ந்தவை அதிகமுள்ள வரிசையிலிருந்து எடுங்கள்.

அப்புறம், மூன்று மூன்றாகப் புரட்டும் ஆட்டம். சீட்டுக்கட்டில் மிச்சம் 24 சீட்டுகள், எட்டு முறை புரட்டினால் எட்டுதான் மேலே தெரியும். எதையும் எடுக்காவிட்டால் அடுத்த சுற்றிலும் அதே எட்டுதான். ஒன்றை எடுத்தால், அடுத்த சுற்றில் அதற்குப் பின்னால் இருந்தவை எல்லாம் ஓரிடம் நகர்ந்து, ஒளிந்திருந்த சீட்டுகள் மேலே வரும். முன்பு தெரிந்தவை அடியில் போய்விடும். அதனால் முதல் சுற்றை வெறுமனே பார்த்துக்கொண்டே போங்கள். தெரியும் சீட்டுகளே வேண்டியவை என்றால் கட்டின் முன்பக்கத்தில் கை வைக்காதீர்கள், கடைசியிலிருந்து எடுத்தால் முன்னால் உள்ள வரிசை கலையாது. புதிய சீட்டுகள்தான் வேண்டும் என்றால் முன்பக்கத்திலிருந்தே ஒன்றை எடுங்கள்.