இணையவழிச் சந்தைப்படுத்தல் களஞ்சியத்துக்குப் பதிவு எழுதும் முறை: டர்பன் வட்டாரத் தமிழ் எழுத்தாளர்களுக்கு

விக்டோரியா தெருச் சந்தையில் மசாலாப் பொடி விற்பவர், சாட்ஸ்வொர்த்தில் வீட்டிலிருந்தே பலகாரம் செய்து கொடுப்பவர், டொங்காட்டில் பூஜைப் பொருள் கடை வைத்திருப்பவர் ஆகிய மூவரையும் மனத்தில் நிறுத்தியே நம் களஞ்சியத்தின் ஒவ்வொரு பதிவும் எழுதப்பட வேண்டும். அவர்கள் கடையை அடைத்துவிட்டு இரவில் கைப்பேசியில் படிக்கிறார்கள். படித்ததை நம்பி மறுநாள் காலையில் தம் கைப்பணத்தை விளம்பரத்தில் போடுகிறார்கள். ஆகவே, ஒரு பதிவைப் படித்து முடித்தவருக்கு என்ன செய்வது, எவ்வளவு செலவாகும், பலன் கிடைத்ததா என்று எப்படி அறிவது, சட்டம் அதற்கு இடம் தருகிறதா என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைத்திருக்க வேண்டும். இவற்றில் ஒன்றுக்கு விடை இல்லையென்றாலும் அந்தப் பதிவை நாம் வெளியிடுவதில்லை.

தலைப்பைத் தேர்ந்தெடுத்தல்

முதன்முறை எழுதுபவர்கள் பெரும்பாலும் அகலமான தலைப்பையே எடுத்துக்கொள்கிறார்கள். 'சமூக ஊடக விளம்பரம்' என்ற தலைப்பில் எழுதத் தொடங்கினால், எதையும் முழுமையாகச் சொல்ல முடியாமல் எல்லாவற்றையும் தொட்டுச் செல்லும் கட்டுரைதான் மிஞ்சும். மாறாக, 'கூகுள் வரைபடத்தில் கடையின் பெயரைச் சேர்த்தல்' என்று எடுத்துக்கொண்டால் சொல்வதற்குத் திட்டமான செய்திகள் இருக்கின்றன. இந்தச் சேவைக்குக் கட்டணம் இல்லை. 2021 நவம்பரில் இதன் பெயர் 'கூகுள் மை பிசினஸ்' என்பதிலிருந்து 'கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்' என்று மாறியது. கடை உண்மையில் இருக்கிறதா என்று கூகுள் சரிபார்த்த பிறகே உரிமையாளர் விவரங்களை முழுமையாக நிர்வகிக்க முடியும். கடையின் பெயர்ப் பலகையில் என்ன பெயர் இருக்கிறதோ அதையே கொடுக்க வேண்டும். 'மலிவான மசாலா டர்பன்' போன்ற தேடுசொற்களைப் பெயரோடு ஒட்டினால் அது கூகுளின் விதியை மீறுவதாகும்; கணக்கே முடக்கப்படலாம். தள்ளுபடி தருவதாகச் சொல்லி வாடிக்கையாளரிடம் ஐந்து நட்சத்திர மதிப்புரை கேட்பதும் அவ்விதிகளின்படி கூடாது. இவ்வளவும் ஒரே பதிவுக்குள் அடங்கும், படிப்பவரும் அன்றைக்கே செய்து பார்க்கலாம்.

முதல் வாக்கியத்திலேயே பொருளுக்கு வரையறை சொல்லிவிடுங்கள். 'இன்றைய டிஜிட்டல் யுகத்தில்' என்று தொடங்கும் வரிகளை நாங்கள் தயங்காமல் நீக்கிவிடுகிறோம், ஏனெனில் அவ்வரியைப் படித்த பிறகும் கடைக்காரருக்குப் புதிதாக ஒன்றும் தெரிவதில்லை. 'விளம்பரம் எத்தனை முறை திரையில் காட்டப்பட்டதோ, அதில் எத்தனை முறை சொடுக்கப்பட்டது என்பதை நூற்றுக்கு இவ்வளவு என்று சொல்வதே சொடுக்கு வீதம்' என்று தொடங்குவது போதும்.

எண்களைக் கையாளும் விதம்

என் பார்வையில், நம் துறையில் மிகுதியாகப் பிழை நேரும் இடம் இதுதான். எல்லாக் கணக்கையும் தென்னாப்பிரிக்க நாணயமான ரேண்டில் போட்டுக் காட்டுங்கள், இடையில் எந்தப் படியையும் விட்டுவிடாதீர்கள். எடுத்துக்காட்டுக்காக ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். பலகாரம் செய்பவர் ஒருவர் 200 ரேண்ட் செலவிட்டு விளம்பரம் செய்கிறார். அது 4,000 முறை காட்டப்படுகிறது. 80 பேர் சொடுக்குகிறார்கள். 4 பேர் வாங்குகிறார்கள். சொடுக்கு வீதம் 2 விழுக்காடு, ஒரு சொடுக்குக்கு ஆன செலவு 2.50 ரேண்ட், சொடுக்கியவர்களில் வாங்கியோர் 5 விழுக்காடு. இந்த மூன்று எண்களும் பார்வைக்கு நன்றாகவே தோன்றுகின்றன. ஆனால் ஒரு விற்பனைக்கு ஆன விளம்பரச் செலவு 50 ரேண்ட். ஒரு பெட்டிப் பலகாரத்தில் அவருக்குக் கிடைக்கும் லாபம் 40 ரேண்ட் என்றால், ஒவ்வொரு விற்பனையிலும் அவர் 10 ரேண்ட் இழந்துகொண்டிருக்கிறார். இந்தக் கடைசிப் படி வரை பதிவு போக வேண்டும். சொடுக்கு வீதத்தோடு நிறுத்திவிட்டால் நட்டத்தையே வெற்றி என்று சொல்லிக்கொடுத்ததாகிவிடும். அதே வாடிக்கையாளர் மறுபடியும் வாங்குவாரானால் கணக்கு மாறும் என்பதையும் அடுத்த வரியில் சேர்த்துவிடுங்கள்.

'நல்ல சொடுக்கு வீதம் இவ்வளவு' என்று பொதுவான ஓர் எண்ணைத் தருவதாக இருந்தால், அது எந்த நாட்டில், எந்த ஆண்டில், எந்தத் தொழிலில், எத்தனை விளம்பரக் கணக்குகளைக் கொண்டு எடுக்கப்பட்டது என்பதும் உடன் வர வேண்டும். அவ்விவரம் கிடைக்காவிட்டால் எண்ணையே விட்டுவிடுங்கள். கணினி எழுதிக் கொடுத்த வரைவுகளிலிருந்து வரும் விழுக்காடுகளில் இன்னும் கூடுதல் கவனம் தேவை. அவற்றில் இல்லாத ஆய்வுகளின் பெயர்கள்கூட வந்துவிடுகின்றன. மூலத்தை நீங்களே திறந்து படித்திராத எந்த எண்ணையும் அனுப்பாதீர்கள்.

காலமும் இடமும்

ஒவ்வொரு பதிவின் தலையிலும் 'சரிபார்த்த நாள்' எழுதப்பட வேண்டும். இணையதளத்துக்கு வருவோரைக் கணக்கிடும் கூகுளின் பழைய கருவியான யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1 முதல் புதிய தரவுகளை ஏற்பதை நிறுத்தியது. அதன் இடத்துக்குக் கூகுள் அனலிட்டிக்ஸ் 4 வந்துவிட்டது. அதற்குப் பின்னும் பல மாதங்கள் பழைய கருவியின் படிகளைச் சொல்லும் ஒரு பதிவு நம்மிடம் திருத்தப்படாமலே இருந்தது. சேலை விற்கும் அம்மையார் ஒருவர், அதில் சொல்லப்பட்ட பட்டியலைத் தம் திரையில் காணாமல் இரண்டு மாலைப் பொழுதுகள் தேடியிருக்கிறார். தமக்குத்தான் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். தவறு முழுவதும் எங்களுடையது. நாள் குறிக்கும் விதியை நாங்கள் கண்டிப்பாக்கியது அந்த நிகழ்ச்சிக்குப் பிறகுதான்.

பெயர் மாறாமல் பொருள் மட்டும் மாறும் இடங்களில் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். மின்னஞ்சல் திறப்பு வீதம், அதாவது அனுப்பிய அஞ்சல்களில் நூற்றுக்கு எத்தனை திறக்கப்பட்டன என்பது, இன்றும் அதே பெயரில் காட்டப்படுகிறது. ஆனால் 2021 செப்டம்பரில் வெளிவந்த ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 15 முதல், ஆப்பிளின் தனியுரிமைப் பாதுகாப்பை ஏற்றுக்கொண்டவரின் அஞ்சலில் உள்ள படங்களை அவர் படிக்கும் முன்பே ஆப்பிள் இறக்கிக்கொள்கிறது. படம் இறங்கியதைக் கொண்டே திறப்பு கணக்கிடப்படுவதால், திறக்கப்படாத அஞ்சலும் திறந்ததாகக் கணக்கில் ஏறுகிறது. 'திறப்பு வீதம் உயர்ந்தது, ஆகவே தலைப்பு வரி நன்றாக அமைந்தது' என்று முடிவு சொல்லும் பதிவு, இதைக் குறிப்பிடாவிட்டால் தவறான பாடத்தையே கற்பிக்கும்.

இடத்தைப் பொறுத்தவரை, நம் மக்களின் நாட்காட்டியை அறிந்து எழுதுங்கள். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் மிகப் பலர் புரட்டாசியில் புலால் தவிர்க்கிறார்கள். செப்டம்பர் நடுவில் கோழிக்கறிக் கடையின் விளம்பரத்துக்கு வரவேற்புக் குறைந்தால், விளம்பரத்தின் வாசகத்தைக் குறை சொல்வதற்கு முன் மாதத்தைப் பார்க்க வேண்டும். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் வழிபாடு, தைப்பூசக் காவடி, தீபாவளி ஆகிய நாட்களுக்கு எத்தனை நாள் முன்பாக மக்கள் வாங்கத் தொடங்குகிறார்கள் என்பதை உங்கள் கடைப் பேரேட்டைக் கொண்டே எழுதினால், வேறெங்கும் கிடைக்காத செய்தி நம் களஞ்சியத்துக்குக் கிடைக்கும். தீபாவளி தென்னாப்பிரிக்காவில் அரசு விடுமுறை அல்ல என்பதால், பிற நாட்டு அட்டவணைகளை அப்படியே எடுத்துப் போட்டால் பொருந்தாது.

சட்டம் பற்றிய பகுதி

மற்ற நாடுகளில் எழுதப்பட்ட வழிகாட்டிகளை மொழிபெயர்த்து அனுப்புவோர் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை, அதாவது பேச்சு வழக்கில் 'போப்பியா' எனப்படுவதை, எல்லாரும் 2021 ஜூலை 1 முதல் முழுமையாகப் பின்பற்ற வேண்டியதாயிற்று. அதன் 69ஆம் பிரிவின்படி, முன்பின் தொடர்பில்லாத ஒருவருக்கு அவருடைய ஒப்புதல் இல்லாமல் மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ விளம்பரம் அனுப்பக் கூடாது. ஒப்புதல் கேட்டு ஒருமுறை மட்டுமே அணுகலாம். அவர் மறுத்துவிட்டால் மீண்டும் கேட்கக் கூடாது. ஏற்கெனவே வாங்கிய வாடிக்கையாளருக்கு, அந்த விற்பனையின்போது பெற்ற எண்ணைக் கொண்டு, உங்களுடைய அதே வகைப் பொருளைப் பற்றி அனுப்பலாம். ஆனால் எண்ணைப் பெறும்போதும், அனுப்பும் ஒவ்வொரு செய்தியிலும் 'வேண்டாம்' என்று சொல்ல அவருக்குச் செலவில்லாத எளிய வழி இருக்க வேண்டும். அனுப்புபவர் யார் என்பதும், எங்கே தெரிவித்தால் செய்தி நிற்கும் என்பதும் செய்தியிலேயே இருக்க வேண்டும். கோயில் அன்னதானப் பட்டியலிலிருந்தோ திருமண அழைப்புப் பட்டியலிலிருந்தோ எண்களை எடுத்து விளம்பரம் அனுப்பலாம் என்று சொல்லும் எந்தப் பதிவையும் ஏற்க மாட்டோம். அந்த எண்களை மக்கள் கொடுத்தது வேறு காரணத்துக்காக. அந்த நம்பிக்கை நம் சமூகத்தில் கெடக் கூடாது.

இணையத்தில் விற்பதைப் பற்றி எழுதினால், 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு மற்றும் பரிவர்த்தனைச் சட்டத்தையும் சொல்ல வேண்டும். விற்பவரின் முழுப்பெயர், முகவரி, தொலைபேசி எண், அனுப்பும் செலவு உட்பட மொத்த விலை ஆகியவற்றை வாங்குபவருக்குக் காட்ட வேண்டும் என்பது அதன் விதி. பொருள் கைக்கு வந்த 7 நாட்களுக்குள் காரணம் கூறாமலே திருப்பித் தரும் உரிமையும் வாங்குபவருக்கு உண்டு. வீட்டுக்குக் கொண்டுவந்து தரப்படும் அன்றாட உணவுப் பொருள் இதற்கு விலக்கு. சேலைக்கு ஒரு விதி, முறுக்குக்கு ஒரு விதி என்பதை இவ்வாறு பொருளோடு இணைத்துச் சொன்னால்தான் படிப்பவருக்குத் தெளிவாகும். மதிப்புக்கூட்டு வரிக்குப் பதிவு செய்தவர் விளம்பரத்தில் காட்டும் விலையில் அவ்வரியும் அடங்கியிருக்க வேண்டும். பணமோ பொருளோ பெற்றுக்கொண்டு சமூக ஊடகத்தில் ஒருவர் ஒரு பொருளைப் பரிந்துரைத்தால், அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது விளம்பர ஒழுங்குமுறை வாரியத்தின் நெறி.

எழுதுபவரின் சொந்த நலன்

நீங்கள் விளம்பரச் சேவை நடத்துபவர் என்றால் எழுதத் தடையில்லை. ஆனால் அதைப் பதிவின் முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். உங்கள் சேவையின் பெயரும் கட்டணமும் பதிவுக்குள் வரக் கூடாது. உங்கள் தளத்துக்குப் பணம் பெற்றுத் தரும் இணைப்புகளை நாங்கள் சேர்ப்பதில்லை.

சொற்கள்

இங்குள்ள இளையோர் பலர் தமிழை வாரயிறுதி வகுப்பில் கற்றவர்கள்; அவர்கள் எழுத்துக்கூட்டி மெதுவாகப் படிப்பவர்கள். ஒரே பொருளுக்கு ஓரிடத்தில் 'சொடுக்கு', இன்னோரிடத்தில் 'அழுத்தம்', மற்றோரிடத்தில் 'கிளிக்' என்று எழுதினால் மூன்றும் வெவ்வேறு என்றே எண்ணிவிடுவார்கள். கருத்துகளுக்குத் தமிழ்ச் சொல்லைத் தேர்ந்து கடைசி வரை அதையே பயன்படுத்துங்கள். திரையில் தெரியும் பொத்தான்களின் பெயர்களை மட்டும் மொழிபெயர்க்காமல், ஒலிக்கிறபடியே தமிழ் எழுத்தில் தாருங்கள். 'பப்ளிஷ்' என்று திரையில் இருப்பதை 'வெளியிடு' என்று எழுதினால், அதைத் தேடுபவருக்குக் கண்ணில் படாது. நீண்ட வாக்கியம் எழுதுவதில் குற்றமில்லை, ஆனால் செய்ய வேண்டிய படி ஒவ்வொன்றும் தனி வாக்கியத்தில் நிற்கட்டும்.

அனுப்பும் முன்பும் பின்பும்

திரைப்பிடிப்புகளில் வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி எண், முகப்புப் படம் ஆகியவற்றை முழுவதும் மறைத்துவிடுங்கள். மங்கலாக்கினால் போதாது, கறுப்புக் கட்டமே வேண்டும். கடைக்காரரின் விற்பனைக் கணக்கைக் காட்டுவதானால் அவருடைய எழுத்து மூலமான சம்மதம் தேவை. பிறர் எழுதியதை மேற்கோளாக எடுத்தால், யாருடையது, எங்கிருந்து என்பதை அதே இடத்தில் சொல்லுங்கள்.

எழுதி முடித்ததும், இத்துறை அறியாத ஒருவரிடம் கைப்பேசியில் படிக்கக் கொடுத்து, நீங்கள் அருகில் இருந்தும் வாய் திறக்காமல், அவர் அந்தப் படிகளைச் செய்து பார்ப்பதைக் கவனியுங்கள். அவர் தயங்கும் இடத்தில்தான் உங்கள் வாக்கியம் திருத்தப்பட வேண்டும். அதன் பிறகு அனுப்பினால், இருவர் படிப்பார்கள்: ஒருவர் மொழியையும், மற்றவர் உண்மையையும் சரிபார்ப்பார். உண்மையைச் சரிபார்ப்பவர் நீங்கள் சொன்ன ஒவ்வொரு படியையும் தம் கணக்கில் செய்து பார்ப்பதால் சில வாரங்கள் ஆகலாம். வெளிவந்த பின் யாராவது பிழையைச் சுட்டிக்காட்டினால், பழைய வரியை ஓசையின்றி மாற்றிவிடாமல், என்ன மாறியது, எந்த நாளில் மாறியது என்பதைப் பதிவின் அடியில் எழுதுகிறோம். பழைய படியைப் பின்பற்றியவர், தாம் செய்ததில் எதை மாற்ற வேண்டும் என்று அங்கே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.